வால்டேரின் நையாண்டியும் நமது வசனநடையும்

பிரெஞ்சு தேசத்து வால்டேரின் (1694–1778) பெயர் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். அவர் மதகுருமார்களை எதிர்த்தார், சிறையிலிருந்தார் என்றதும் கைதட்டல் கிடைக்கிறது. அவர் எழுதிய விதம் எத்தகையது என்று ஆராய்வாரோ மிகச் சிலரே. 1734-இல் அவருடைய ‘தத்துவக் கடிதங்கள்’ பாரிஸ் நகரில் எரிக்கப்பட்டது. விளங்காத நடையில் எழுதியிருந்தால் தீக்குச்சி மிச்சமாகியிருக்கும்!

1755 நவம்பர் 1-ந் தேதி லிஸ்பன் நகரம் பூகம்பத்தால் பாழாயிற்று. பண்டிகை நாளாதலால் மாதா கோயில்களில் கூடியிருந்த ஜனங்கள் திரளாக மாண்டனர். நடப்பதெல்லாம் நன்மைக்கே என்னும் தத்துவத்துக்கு மறுப்பாக வால்டேர் முதலில் ஒரு நீண்ட செய்யுள் இயற்றினார். உருக்கமானதுதான், எனினும் இன்று அதைத் தேடிப் படிப்பவர் அரியர். 1759-இல் அதே மறுப்பைக் ‘காண்டீட்’ என்ற சிறு கதையாக்கினார். அதில் பாங்க்ளாஸ் என்னும் வாத்தியார், மூக்குப் படைக்கப்பட்டதே மூக்குக்கண்ணாடி மாட்டத்தான் என்று போதிக்கிறார். ஆசிரியர் அவரைத் திட்டவில்லை. பேசவிட்டு மேலே போய்விடுகிறார். சிரித்த வாசகனே மீதியை யோசிக்கிறான். எல்லாம் தலைவிதி என்று தோட்டத் தொழிலாளிக்கு உபதேசிப்போர் உள்ள நம்மிடையே பாங்க்ளாஸ் அந்நியரல்லர்.

தமிழில் இக்கலை இல்லையோவெனின், உண்டு. 1925-இல் ‘குடி அரசு’ தொடங்கிய ஈ.வெ.ரா.வின் வாக்கியங்கள் சில வேளை அரைப் பக்கம் ஓடும். ஆயினும், வாதம் படிப்படியாக ஏறுவதால் எழுத்தறியாதவனும் பிறர் வாசிக்கக் கேட்டுப் பின்தொடரலாம். ‘விடுதலை’யில் ‘பலசரக்கு மூட்டை’ எழுதிய குத்தூசி குருசாமியோ (1906–1965) வால்டேருக்கு இன்னும் நெருங்கியவர். ஓர் அற்பச் செய்தியை எடுப்பார்; சிரிக்க வைப்பார்; சிரிப்பினூடே கேள்வியைச் செருகிவிடுவார்.

அவர்களைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு இன்று எழுதுவோரிடம் நமக்குள்ள வழக்கு வேறு. ஒரு சாரார் ‘பகுத்தறிவியச் சிந்தனைப் புலப்பாடு’ என்ற தோரணையில் எழுதிப் பழைய பண்டிதரையும் தோற்கடிக்கின்றனர். சம்பளத்தில் பிடித்தம் ஏன் என்று தொழிலாளிக்கு விளங்க ஓர் அறிவிப்பு எழுத இவர்களால் முடியுமா? தோட்டக் குமாஸ்தாவாகிய எமக்குச் சந்தேகமே. மற்றச் சாராருக்கு நடை எளிதுதான். ஆனால் குத்தூசியின் ஏளனத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். பூசாரியைப் பரிகசிக்க ஒரு பக்கம் செலவிடுகின்றனர். அவர் சொல்வது ஏன் பொய் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. முன்னமே நம் கட்சியிலிருப்பவர் சிரிக்கிறார். பூசாரியை நம்பி வந்த கிழவி, தன்னைத்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ணிப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறாள்.