பழவேற்காடு: கோட்டை மட்டுந்தானா வரலாறு?

இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் கார்கள் சென்னையிலும் எண்ணூரிலும் கப்பலேறி அயல்நாடு செல்கின்றன. அந்த எண்ணூருக்கு வடக்கே, முற்காலத்தில் துணிப் பொதிகளைக் கடல்கடந்து அனுப்பிய பழவேற்காடு இன்று மீன்பிடித் துறையாக விளங்குகிறது. அதன் வரலாறு கூறும் எழுத்துக்களைப் படிக்குந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு குறை எஞ்சுகிறது.

நாம் கண்டவற்றுட் பல, 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையில் தொடங்குகின்றன; 1690இல் அவர்தம் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியதும் சோர்கின்றன; 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானதும் முடிந்து விடுகின்றன. கணக்கெழுதி வைத்தவனே கதைத் தலைவனாகிவிட்டான்!

ஆனால், நம் நாவிலுள்ள சொற்கள் வேறு சாட்சி பகர்கின்றன. 'மாலுமி' என்பது அரபியின் 'முஅல்லிம்'. 'சுக்கான்' அங்கும் 'ஸுக்கான்' தான். எழுத்தறிவிப்பவரையும் கப்பலுக்கு வழிகாட்டுபவரையும் ஒரே பெயரால் அழைத்தது அம்மொழி. ஐரோப்பியர் வாயில் 'மான்சூன்' ஆனதும் பருவத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லே. கோட்டைகள் எழுமுன்னரே இக்கடலிற் பழகியோர் விட்டுச்சென்ற தடங்கள் இவை.

அதற்காக நம்மவர் எழுத்து குறையற்றதென்று கூறோம். நம் கரையோர வரலாறுகள் பெரும்பாலும் வள்ளல்களின் வாழ்த்துரையாகவே நின்றுவிடுகின்றன. சீதக்காதியின் கொடை போற்றத்தக்கதே. அவர் கப்பல்களிற் பாய் விரித்தவர் யாவர்? பழவேற்காட்டு முகத்துவாரம் ஆழமற்றது. பெருங்கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. பொதி சுமந்து படகு தள்ளியோரின் தோள்வலியின்றி ஒரு முழத் துணியும் ஜாவாவை எட்டியிராது. இதனினுங் கொடியது ஒன்றுண்டு. 1621 முதல் 1665 வரை சோழமண்டலக் கரையிலிருந்து 38,000க்கும் மேற்பட்ட மாந்தரை டச்சுக் கப்பல்கள் அடிமைகளாக ஏற்றிச் சென்றன என்பது ஆய்வாளர் கணக்கு. கோட்டையின் அழகை வருணிப்போர் இதனை ஒரு வரியிற் கடந்து செல்வது நீதியாகாது.

எனவே, துறைமுக வரலாறு எதுவாயினும் அதனை மூன்று வினாக்களால் உரைத்துப் பார்க்க வேண்டும்: எந்தக் காற்றில் கப்பல் வந்தது? எந்தச் சரக்கை ஏற்றியது? யார் கை அதனைத் தூக்கியது? மூன்றாவதற்கு விடையில்லாத நூல், எத்துணைத் தடித்ததாயினும், பாதி நூலே.

அவ்விடையிற் சிறு பகுதியேனும் நம் வீட்டுப் பெட்டகங்களில் இருக்கக்கூடும். பாட்டனார் விட்டுச்சென்ற அரபுத் தமிழ்க் கடிதங்களையும் கப்பற் கணக்குகளையும் பழந்தாள் என்று எறிந்துவிடாதீர்கள். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிப் படியெடுத்து வையுங்கள். கரையான் நமக்காகக் காத்திருப்பதில்லை.