ஏ1400: வெயிலுக்கு ஏற்ற துளை

கேனான் பவர்ஷாட் ஏ1400 கேமரா 2013-ல் வந்தபோது யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 16 மெகாபிக்ஸல், ஐந்து மடங்கு ஜூம், இரண்டு ஏஏ செல் என்று அந்த விலைக்கு அன்று பல கம்பெனிகளும் கொடுத்த சங்கதிதான். இப்போது அது செகண்ட்ஹேண்டில்தான் கிடைக்கும். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ஒருவர் முதல் கேமரா வாங்குகிறார் என்றால், புதிதாகப் பளபளவென்று இருப்பதை விட்டுவிட்டு இதைத் தேடச் சொல்லலாம். பின்பக்கம், திரைக்கு மேலே, கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்னத் துளை இருக்கிறது. அது ஒன்று போதும்.

டெல்டாவில் மறைவுக்கு மரமில்லாத வெளி அதிகம். சம்பா அறுவடை நேரத்தில், நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைத்திருக்கும் இடத்தில், பகல் பதினோரு மணிக்கு ஒரு காம்பாக்ட் கேமராவை நீட்டிப் பார்க்க வேண்டும். திரையில் நெல் தெரியாது. எடுப்பவரின் சட்டையும் முகமும் தெரியும், பின்னால் வானமும் தெரியும். ஒரு கையால் திரைக்கு நிழல் கட்டிக்கொண்டு மறு கையால் குத்துமதிப்பாக அமுக்கினால், வீட்டுக்கு வந்த பிறகு பாதி நெல்லும் மீதி ரோடும்தான் மிஞ்சும். இன்றைய செல்போன்கள் வெயிலில் திரை வெளிச்சத்தைக் கூட்டிச் சமாளிக்கின்றன, உண்மைதான். அதே வெயிலில் சூடேறியதும் அவையே வெளிச்சத்தைக் குறைத்தும்விடுகின்றன.

துளைக்குச் சூடும் இல்லை, கரண்டும் வேண்டாம். அது வெறும் கண்ணாடி. ஜூமைத் தள்ளினால் துளைக்குள் காட்சியும் கூடவே நெருங்கி வருகிறது. கேமரா முகத்தில் ஒட்டி நிற்பதால் கை ஆட்டமும் கொஞ்சம் அடங்குகிறது. இந்தக் கேமராவில் ஆட்டத்தைத் திருத்தும் லென்ஸ் கிடையாது என்பதால் அதுவும் லாபம்தான்.

துளை துல்லியமானது என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். படத்தில் விழுவதைவிடக் குறைவாகவே காட்டும்; துளையில் தெரியாத குப்பைத்தொட்டி படத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். கிட்டத்தில் எடுக்கும்போது இன்னொரு வம்பு. கண் பார்ப்பது ஒரு வழி, லென்ஸ் பார்ப்பது அதற்குக் கீழே வேறு வழி. தலையாட்டி பொம்மையை அரையடித் தூரத்தில் துளை வழியே குறிபார்த்தால் கிரீடம் வெட்டுப்பட்டுப் போகும். அந்த மாதிரி நேரத்தில் நிழலுக்குப் போய்த் திரையைப் பார்ப்பதுதான் வழி.

கடைக்காரர் 'எத்தனை மடங்கு ஜூம்' என்று பெருமை பேசும்போது, ஜூமின் மறுமுனையை, அதாவது எவ்வளவு அகலமாகப் பிடிக்கும் என்பதைக் கேட்பது நல்லது. ஏ1400-ல் அது 28 மில்லிமீட்டர். அதற்குச் சில வருடங்கள் முந்தைய ஏ590 ஐஎஸ் மாடலில் 35. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் இந்த வித்தியாசம் காலால் அளக்கக்கூடியது. 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த விமானம் 216 அடி. கேமராவை நெட்டுக்குத்தலாகப் பிடித்து அண்ணாந்து அடி முதல் கலசம் வரை அடக்க, 35-க்குச் சுமார் 50 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 28-க்கு 35 மீட்டருக்குள் முடிந்துவிடும். பிரதோஷத்தன்று அந்த இடைவெளிக்குள் எத்தனை தலைகள் புகுந்து நிற்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும்.

ஏஏ செல்லைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். 2012 மின்வெட்டையும், 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சார்ஜருக்குப் பிளக் தேடி அலைய வேண்டாம், பெட்டிக்கடை போதும். ஒரே எச்சரிக்கை: சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல்லைப் போடக் கூடாது. கடிகாரம் துளித்துளியாகக் குடிக்கும். கேமராவோ லென்ஸை நீட்டும்போதும் பிளாஷுக்கும் ஒரே இழுப்பாக இழுக்கும். மலிவு செல் சில படங்களிலேயே படுத்துவிடும். ஆல்கலைன் போடலாம், ரீசார்ஜ் ஆகும் நிக்கல் செல் இன்னும் நல்லது.

பிளாஷைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதற்கில்லை. ஒன்று அடித்துவிட்டு அடுத்ததற்கு மூச்சு வாங்கும். அதற்குள் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்திருப்பார். சாயங்காலம் மங்கினால் படமும் மங்கல்தான். வீடியோ 720பி, பேரப்பிள்ளை நடப்பதை எடுக்கப் போதும்.

கேனான் மீது கோபம் வருவது துளை விஷயத்தில்தான். இந்த மாடலோடு மலிவு கேமராக்களில் துளைக்கு முழுக்குப் போட்டுவிட்டது. பழைய காம்பாக்ட்டுக்கு மறுபடி கிராக்கி வந்ததும், 2016-ல் வந்த மாடல் ஒன்றையே 2025-ல் தூசி தட்டி, கார்டை மைக்ரோ எஸ்டி ஆக்கித் திரும்ப விற்க வந்தது. பெயரோடு ஓர் 'ஏ' சேர்ந்தது, விலை ஏறியது. துளை மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

பழையதை வாங்கும்போது செல் மூடியைத் திறந்து, உள்ளே தகட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செல் ஒழுகிய அடையாளம் அது. பிறகு ஆன், ஆஃப் என்று பலமுறை போட்டு லென்ஸ் வெளியே வந்து போவதைக் காதால் கேட்க வேண்டும். களத்துத் தூசி குழலுக்குள் புகுந்திருந்தால் நறநறவென்று காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைச் சுவரை ஜூம் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒட்டிய தூசி கரும்புள்ளியாகத் தெரியும். கடைசியாக வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒரு படம். கடைக்காரர் அதற்கு விடாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம்.