நாலு மூடி, நாலு நம்பர்

கார் வைத்திருப்பவர் யாரைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, “டயர்ல காத்து எவ்வளவு இருக்கு?” என்றுதான். “போன மாசம் அடிச்சேன்” என்பார்கள். “பார்த்தா நல்லாத்தானே இருக்கு” என்பார்கள். ஒருவர் எழுந்து போய்க் காலால் உதைத்தே காட்டினார். நான் பையிலிருந்து போனை எடுத்து, ஆப்பைத் திறந்து நீட்டுவேன். முன்னால் 33, 33. பின்னால் 33, 32. கார் வாசலில் நிற்கிறது, நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். எதிரில் இருப்பவர் முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காகவே இதை வாங்கலாம்.

வெளியில் வாங்கிப் பொருத்திக்கொள்ளும் டயர் பிரஷர் சென்சாரைத்தான் சொல்கிறேன். கட்டைவிரல் நுனி அளவில் நாலு கறுப்பு மூடிகள். டயர் வால்வில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இதைத் திருக வேண்டும். முடிந்தது வேலை. டயரைப் பிரிக்க வேண்டாம், ஒயர் இழுக்க வேண்டாம், டேஷ்போர்டில் தனியாக ஒரு டிஸ்பிளே ஒட்ட வேண்டாம். மூடிக்குள் ஒரு பொத்தான் பேட்டரி, அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் ஒரு சில்லு, அதை புளூடூத்தில் அனுப்ப ஒரு குட்டி ஆன்டெனா. போனில் நம் கார் படம் வரும், நாலு மூலையிலும் நாலு நம்பர் வரும். டயருக்கு உள்ளே வைக்கும் வகையும் இருக்கிறது. அதற்குக் கடையில் கொடுத்து டயரை ரிம்மிலிருந்து கழற்ற வேண்டும், பேட்டரி தீர்ந்தால் மறுபடியும் கழற்ற வேண்டும். எனக்கு மூடிதான். சில ஆயிரம் ரூபாயில் இவ்வளவு சந்தோஷம் கொடுத்த பொருள் என் வண்டியில் வேறு எதுவும் கிடையாது. அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்த மியூசிக் சிஸ்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதன் அருமை புரிந்தது ஒரு மெதுவான பஞ்சரில். ஆணி குத்திப் புஸ்ஸென்று இறங்கினால் யாருக்கும் தெரிந்துவிடும். ஒரு திருகாணி டயருக்குள் ஏறி, தானே அடைப்பாகவும் நின்றுகொண்டு, நாளுக்கு ரெண்டு பி.எஸ்.ஐ. என்று கசியவிட்டால் எப்படித் தெரியும்? காலையில் காபியோடு பால்கனியில் நின்று ஆப்பைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. (இதற்கு வீட்டில் கிடைக்கும் கிண்டலைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.) மற்ற மூன்றும் அசையாமல் நிற்க, பின்பக்க இடது டயர் மட்டும் 33, மறுநாள் 31, அதற்கு மறுநாள் 29. கீழே இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். நாலு டயரும் ஒரே மாதிரிதான் இருந்தன. ரேடியல் டயர் அப்படித்தான். சரியான காற்று இருக்கும்போதே தரையை ஒட்டிக் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். 33-க்கும் 27-க்கும் வித்தியாசத்தைக் கண்ணும் சொல்லாது, உதைக்கிற காலும் சொல்லாது.

பஞ்சர் கடைக்குப் போனேன். “காத்து இருக்கே சார், எதுக்குக் கழட்டணும்?” என்றார் கடைக்காரர்.

“தினம் ரெண்டு இறங்குதுண்ணே. ஒரு தடவை சோப்புத் தண்ணி அடிச்சுப் பாருங்க.”

நம்பிக்கை இல்லாமல்தான் ஜாக்கியை ஏற்றினார். சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே பாட்டிலால் பீய்ச்சினார். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில், வெளி ஓரத்துப் பள்ளத்தில், ஒரே இடத்தில் கடுகளவு நுரை கிளம்பி உடைந்து மறுபடி கிளம்பியது. துடைத்துப் பார்த்தால் தலை முழுக்கத் தேய்ந்த திருகாணி. பிளேயரால் பிடித்து இழுத்ததும் புஸ். ரீமரை விட்டு நாலு ஆட்டு ஆட்டி, பசை தடவிய ஸ்ட்ரிப்பைக் குத்தி ஏற்றி, வெளியே நீட்டிய வாலை பிளேடால் சீவிவிட்டார். காசை வாங்கும்போது கேட்டார்: “இந்த மூடி எங்க சார் கிடைக்குது? நம்ம பைக்குக்கு வருமா?”

வரும். பைக்குக்கென்றே இரண்டு மூடி செட் விற்கிறார்கள்.

சென்சார் இல்லையென்றால் அந்தத் திருகாணி என்னோடு நெடுஞ்சாலைக்கு வந்திருக்கும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கில்தான் சூடு பிறக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு எண்ணூறு தடவைக்கு மேல் மடங்கும் ரப்பர் எவ்வளவு நேரம் தாங்கும்?

சூடு என்றதும் நம் ஊர்ப் பெரிய பஞ்சாயத்து ஞாபகத்துக்கு வருகிறது. “வெயில் காலம் சார், ரெண்டு பாயின்ட் கம்மியா வைங்க. ஓட ஓட ஏறிக்கும், இல்லேன்னா வெடிச்சிடும்.” பங்கில் காற்று பிடிப்பவரும் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். இந்தக் கட்சிக்கு மாவட்டச் செயலாளர் மாதிரி என் மச்சான். ஒரு கோடையில் அவனையும் ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினேன். போனை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். விடிகாலை வீட்டு வாசலில் நாலும் 33. பரனூர் சுங்கச்சாவடியில் 35. “பார்த்தீங்களா மாமா, ஏறுது!” என்றான். திண்டிவனத்தில் 36. இடது பக்க டயர்கள் இரண்டும் மட்டும் இன்னும் ஒன்று கூட. தெற்கே போகிற வண்டிக்குக் காலை வெயில் இடது பக்கம்தானே விழும்! இதையெல்லாம் போன் காட்டும்போது எனக்கு வண்டி ஓட்டுவதே மறந்துபோகிறது. உளுந்தூர்பேட்டை தாண்டி 37. மச்சான் சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு நம்பர் அசையவில்லை. பெரம்பலூர் வரை 37, 37, 37.

வண்டிக் கம்பெனிக்காரர்கள் சொல்லும் 33, ஆறிய டயருக்கானது. மூன்று மணி நேரமாவது நின்ற வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். டயருக்குள் வெப்பம் 10 டிகிரி கூடினால் அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ. போல ஏறும். இது தெரிந்துதான் டயரைச் செய்திருக்கிறார்கள். ஓட்டத்தின் நடுவில் பங்கில் நிறுத்தி, 37 காட்டுகிறதே என்று 33-க்கு இறக்கினால், மறுநாள் காலை அது 29-ல் வந்து நிற்கும். 29-ல் கிளம்பும் டயர் கூடுதலாக மடங்கும், கூடுதலாகச் சூடாகும். வெடித்துவிடும் என்று பயந்து, வெடிக்கிற வழியை நாமே திறந்துவிடுகிறோம். இதை நான் வருடக் கணக்கில் வாயால் சொல்லி மச்சான் கேட்டதில்லை. பெரம்பலூர் தாண்டிக் காபிக்கு நிறுத்தியபோது, “அந்த லிங்க் அனுப்புங்க மாமா” என்றான்.

ஊட்டிக்குப் போனபோது கிடைத்தது இன்னொரு விருந்து. மேட்டுப்பாளையத்தில் வண்டி ஆறிய பிறகு போனிலும் 33, கைமீட்டரிலும் 33. மறுநாள் காலை ஊட்டிக் குளிரில் போன் 29 என்றது. கைமீட்டரை வைத்தால் 32! இரண்டில் எது பொய்? எதுவுமில்லை. கைமீட்டர், டயருக்கு வெளியே இருக்கும் காற்றோடு ஒப்பிட்டு அளக்கிறது. என் சென்சாரின் சில்லு வெற்றிடத்திலிருந்து அளந்து, கீழே தரையில் இருக்கும் காற்றழுத்தத்தை ஒரே கணக்காகக் கழித்துக் காட்டுகிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் மேட்டுப்பாளையத்தைவிட 3 பி.எஸ்.ஐ. குறைவு. அந்த மூன்றுதான் இந்த மூன்று. குளிர் டயரின் அழுத்தத்தை இறக்க, உயரம் அதை ஏற்றிவிட, கடைசியில் கைமீட்டரில் பெரிய மாற்றமே தெரிவதில்லை. பள்ளிக்கூடத்தில் வாயு விதிகளைப் படித்தபோது இப்படி ஒரு மூடி கையில் இருந்திருந்தால் நான் இயற்பியலே எடுத்துப் படித்திருப்பேன். ஆகவே மலைமேல் போன் நம்பரைப் பார்த்துப் பதறிக் காற்று அடிக்காதீர்கள். நாலும் ஒன்றாக இறங்கியிருந்தால் அது மலையின் வேலை. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால்தான் பஞ்சர் கடை.

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். வெப்பநிலை என்று காட்டும் நம்பரை அப்படியே நம்ப வேண்டாம். மூடி டயருக்கு வெளியே, ஓடுகிற காற்றில் இருக்கிறது. உள்ளே கொதிப்பது அதற்கு முழுசாகத் தெரியாது. அழுத்தம்தான் நம்பர், வெப்பம் ஒரு குறிப்பு.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை உண்டு. மூடியைத் திருகியதும் அது வால்வு பின்னை அழுத்தித் திறந்தபடியே வைத்திருக்கும். அப்போதிலிருந்து காற்றைத் தடுத்து நிறுத்துவது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான். ஆகவே கையால் நன்றாக இறுக்கிவிட்டு, சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அடுத்தது வால்வு. மூடி ஒன்று 10 கிராம் போலத்தான் இருக்கும். ஆனால் வண்டி 100-ல் போகும்போது சுழற்சி வேகத்தில் அது ஒன்றரைக் கிலோ கனத்தோடு வால்வை வெளிப்பக்கம் இழுக்கிறது. வெடிப்பு விட்ட பழைய ரப்பர் வால்வில் இதைத் தொங்கவிடாதீர்கள். முதலில் புது வால்வு போடுங்கள், செலவு சொற்பம். கூடவே வரும் பூட்டு நட்டைப் போட்டு, குட்டி ஸ்பானரால் இறுக்கிவிட்டால் தெருப் பையன்கள் சும்மா திருகிக் கொண்டுபோக முடியாது. அதே ஸ்பானர் இல்லாமல் பங்கில் காற்றும் பிடிக்க முடியாது என்பதால் அதை வண்டியிலேயே வையுங்கள். ஒவ்வொரு மூடியாகக் கழற்றி மாட்டும் நேரத்தில் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

போன் பக்கம் வந்தால், புளூடூத் செட்டிங்கில் போய் ‘பேர்’ செய்யத் தேவையில்லை. சென்சார் தன் பாட்டுக்கு ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும், ஆப் அதைக் கேட்டுக்கொள்ளும். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இந்தக் கேட்கும் வேலைக்கே லொகேஷன் அனுமதி கேட்கும், அது இயல்பு. தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல் என்றெல்லாம் கேட்டால் அந்த ஆப்பைத் தூக்கிப் போடுங்கள், காற்று அளக்க என் சித்தப்பா நம்பர் எதற்கு? பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் போன் இந்த ஆப்பைப் பின்னணியில் நிறுத்திவிடும். அந்த ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டால் மேப் திறந்திருக்கும்போதும் எச்சரிக்கை ஒலிக்கும். கீழ் எல்லையை 28-லும் மேல் எல்லையை 42-லும் நான் வைத்திருக்கிறேன். மேல் எல்லையை 36 என்று வைத்தால் மத்தியானமெல்லாம் கத்திக்கொண்டே வரும்.

இதையெல்லாம் புதுப் பைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து புதிதாக விற்கும் எல்லாக் கார்களுக்கும் இப்படி ஒரு எச்சரிக்கை கட்டாயம். நம் நாட்டில் 2020-ல் விதியைத் திருத்தி, டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் இந்த வசதியும் இருந்தால் காரில் ஸ்டெப்னியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி வைத்துத் தரும் அமைப்புகளிலும் எல்லாம் நம்பர் காட்டுவதில்லை. ஏ.பி.எஸ். வழியாகச் சக்கர வேகத்தை ஒப்பிட்டு ஊகிக்கும் வகை, வெறுமனே ஒரு மஞ்சள் விளக்கை எரியவிடும். எந்த டயர், எவ்வளவு என்று அதனிடம் கேட்க முடியாது. என் மூடியிடம் கேட்கலாம்!

மைலேஜ் கூடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அதற்காக வாங்காதீர்கள். அமெரிக்க அரசின் கணக்குப்படி நாலு டயரிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருளில் போவது 0.2 சதவீதம்தான். டயர் ஓரம் தேயாமல் சீராகத் தேய்வதற்கும், குடும்பத்தோடு இரவில் போகும்போது மனசு அமைதியாக இருப்பதற்கும் வாங்குங்கள்.

வாங்கும்போது கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். நின்ற வண்டியிலும் நம்பர் வருமா, இல்லை ஓடினால்தான் விழிக்குமா? பேட்டரியை நாமே மாற்றலாமா? (என்னுடையதில் போவது சி.ஆர். 1632, எங்கும் கிடைக்கிறது.) இரண்டுக்கும் சரியான பதில் வந்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். ஐந்து மூடி செட் இருந்தால் அதையே எடுங்கள். ஐந்தாவதை ஸ்டெப்னிக்குப் போடுங்கள். நம் ஊரில் பாதி ஸ்டெப்னியில் காற்றே கிடையாது.