திரித் துப்பாக்கியின் அழகு

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் கும்பினியை (கிழக்கிந்தியக் கம்பெனியை) எதிர்த்த 1750களில், பாளையத்து வீரர்களிடம் ஈட்டியோடு திரித் துப்பாக்கியும் இருந்தது. வெடியுப்பில் ஊறிய திரி கனன்றுகொண்டே இருக்கும். விசையை அழுத்தினால், கட்டையின் பிளவிலிருந்து நீண்டிருக்கும் கொக்கி அந்தத் திரியைக் கிண்ணத்து மருந்தில் தொட வைக்கும். தீ சிறு துளை வழியே குழலுக்குள் பாயும், குண்டு பறக்கும். சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு வேண்டிய வலுவான வில்லும் கல்லும் இதற்குத் தேவையில்லை. ஊர்க் கொல்லரே பழுது பார்த்துவிடலாம். மழைதான் பெரும் பகை. அந்த எளிமைதான் இதன் அழகு.

1801 பாளையக்காரர் போருக்குப் பின் கும்பினி பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. எஞ்சியவற்றுள், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழந்துப்பாக்கிக்கு இன்று 1959 ஆயுதச் சட்டம் விலக்கு தருகிறது. சேகரிக்க ஆசையா? முதலில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.