குழாய் விடும் மூச்சு

1928-இல் கொல்கத்தாவில் சி.வி. ராமன் கண்ட ஒளிச்சிதறல், தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கார்பன் நானோகுழாயின் குணத்தைக்கூடச் சொல்லிவிடுகிறது.

எனக்குப் பிடித்தது அந்தச் சிதறல் ஒளியின் நிறமாலையில் இடது ஓரம். 100 முதல் 300 வரையிலான அலையெண்களில் (செ.மீ⁻¹) ஒரு சின்ன முகடு தெரியும். குழாய் முழுவதும் ஒருசேர விரிந்து சுருங்கும் அதிர்வு அது. ஆய்வாளர்களே அதை மூச்சு என்றுதான் அழைக்கிறார்கள். சிலிக்கன் தளத்தில் கிடக்கும் குழாய் என்றால், 248-ஐ அந்த அலையெண்ணால் வகுத்தால் போதும், விட்டம் நானோமீட்டரில் வந்துவிடும். இத்தனை எளிய வாய்ப்பாடு இயற்பியலில் அபூர்வம்!

கிராஃபீன் என்னும் கார்பன் தாளைப் பாய்போலச் சுருட்டிக் குழாயாக்கும் கோணம் சற்று மாறினாலே உலோகக் குழாய் குறைக்கடத்திக் குழாயாகிவிடும். அதை அதே நிறமாலையில் 1590-ஐ ஒட்டிய ஜி பட்டை காட்டிக்கொடுக்கும்: குறைக்கடத்தியில் ஒடுக்கமாக நிற்கும், உலோகக் குழாயில் ஒரு பக்கம் அகன்று சரியும். 1350 அருகே டி பட்டை உயர்ந்தால் சுவரில் பழுது.

நிறமாலையை எடுக்கப் பாய்ச்சும் லேசரின் ஆற்றல் குழாயின் மின்னணு ஆற்றல் இடைவெளியோடு பொருந்தினால்தான் ஒற்றைக் குழாயும் கண்ணில் படும். பொருந்தாதவை பெரும்பாலும் தெரிவதேயில்லை. ஆகவே, ஒரே நிற லேசரை வைத்து மாதிரி முழுவதையும் அளந்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.