தலைத்தோல் ரப்பர் இல்லை

போன மாதம் அக்கா ஒரு துண்டுப்பிரசுரத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். "படிச்சுட்டு என்னன்னு சொல்லுடா." அவள் மகளுக்குச் சின்ன வயதில் கொதிக்கிற எண்ணெய் பட்டு, தலையின் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு முடியில்லாத தழும்பு. இப்போது பன்னிரண்டு வயது. பக்கத்தில் இருக்கும் நல்ல தோலுக்கு அடியில் பலூன் வைத்து விரித்து, தழும்பை வெட்டி எடுத்துவிட்டு, விரிந்த தோலால் அந்த இடத்தை மூடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நல்ல சிகிச்சைதான். என் சண்டை அந்தத் தாளோடு. (நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன். சில வாரம் ஆய்வுக் கட்டுரைகளைத் தோண்டியதில் தேறியதுதான் இது.)

தோல் ரப்பர் மாதிரி, இழுத்தால் நீளும் என்று தாள் ஆரம்பிக்கிறது. ரப்பர் என்றால் பலூனை எடுத்ததும் பழைய அளவுக்கே சுருங்கிவிடணுமே? முதல் சில நிமிடங்களில் நடப்பது உண்மையிலேயே இழுபடுவதுதான்: கொலாஜன் இழைகள் நேராகின்றன, திசுவில் உள்ள நீர் பிதுங்கி விலகுகிறது. வாரக்கணக்கில் நடப்பது வேறு. மேல்தோல் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. 2020இல் பிரஸ்ஸல்ஸில் செட்ரிக் பிளான்பானின் ஆய்வுக்குழு, எலித்தோலுக்கு அடியில் தானாக ஊதிப் பெருகும் ஜெல்லை வைத்துப் பார்த்தது. இழுவிசை பட்டதும் அங்குள்ள தண்டுசெல்களில் ஒரு பகுதி, தங்களைப் போன்ற தண்டுசெல்களையே அதிகமாக உண்டாக்கியது. 'இழுப்பது' என்பதை 'வளர்ப்பது' என்று மாற்றியிருந்தால், ஏன் இத்தனை வாரம் காத்திருக்கணும் என்று அக்கா என்னைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

யோசனை பழையது. 1957இல் நியூயார்க்கில் சார்லஸ் நியூமன், காதில் ஒரு பகுதியை இழந்தவருக்குத் தோலடியில் பலூன் வைத்து உப்பவைத்தார். அதற்கப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எழுபதுகளில் ராடோவானும் ஆஸ்டாடும் தனித்தனியாக சிலிக்கோன் பைகளோடு வந்தார்கள். பெரிய தலைத்தோல் குறைகளை இப்படி மூடுவது பற்றி மேண்டர்ஸ் குழு 1984இல் எழுதியது.

தாளில் என்னை நிஜமாகவே உறுத்தியது "புதிய முடித்தோல் உருவாகும்" என்ற வரி. தோல் உருவாகும், சரி. முடிக்கால்கள் கூடாது. இருக்கிற அதே எண்ணிக்கைதான் பெரிய பரப்பில் பரவும். 100 சதுர செ.மீ. தோல் 150 ஆனால், அடர்த்தி மூன்றில் இரண்டு பங்காகும். கண் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அடர்த்தி பாதியாகும்வரை பெரிதாகத் தெரியாது என்பார்கள். தலைத்தோலில் பாதிவரை இந்த முறையில் மூட முடிகிற ரகசியமும் இதுதான். அதை அப்படியே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது அளவு. உப்பிய மேடு முழுக்கக் கையில் வரும் தோல் என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடி அகலம் 10 செ.மீ. உள்ள அரைக்கோள மேட்டின் வளைவு நீளம் 15.7. அதில் 10 ஏற்கெனவே இருந்த தோல், அந்த இடத்தையே மூடுவதற்குப் போய்விடும். லாபம் 5.7 மட்டும். பலூனை எடுத்ததும் கொஞ்சம் சுருங்கும் என்பதால் அதிலும் குறையும். தலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. தோலுக்கு அடியில் கேலியா என்று சுலபத்தில் நீளாத ஒரு கெட்டிப் படலம் இருக்கிறது. பலூனை அதற்கும் கீழே வைக்கிறார்கள். பிறகு தோலை நகர்த்தும்போது படலத்தில் மட்டும் கீறல் போட்டுத் தளர்த்துவதும் உண்டு.

கடைசியாகப் படங்கள். முன்: தழும்பு. பின்: முடி. நடுவில் எதுவுமே இல்லை. கமிட் லாக் இல்லாமல் இரண்டு வெர்ஷனை மட்டும் காட்டுகிற மாதிரி. அந்த நடுவில்தான் பிள்ளை வாழப்போகிறது: வாராவாரம் ஊசியில் உப்புநீர் ஏற்றுவது, அன்றைக்கு ராத்திரி தலை விண்ணென்று இருப்பது, நாளுக்கு நாள் பெரிதாகும் மேடு. தொற்று வரலாம். தோல் கிழிந்து பலூன் வெளியே தெரியலாம், அப்படியானால் பலூனை எடுத்துவிட்டு மறுபடி முதலில் இருந்து. குழந்தைகளுக்கு அடியில் உள்ள எலும்பே லேசாக அமுங்கலாம். பெரும்பாலும் பிறகு சரியாகிவிடும். தாளில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வரி: "சிறு அசௌகரியம் இருக்கலாம்."

"அந்த ரெண்டு மாசம் ஸ்கூலுக்கு எப்படி மாமா போறது?" என்றாள் மருமகள். எனக்குப் பதில் தெரியவில்லை. பலூனின் அடி அகலம் எவ்வளவு, எத்தனை வாரம், ஒரு தடவையில் முடியுமா இரண்டு தடவையா, பெரிய லீவில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த செவ்வாய் போகிறார்கள்.