பெயரைப் பார்க்காதீர்கள், எழுத்தை எண்ணிப் பாருங்கள்



"சார், ரியேக்ட் எடுக்கலாமா, வியூ எடுக்கலாமா?" ஜொகூரில் என் படிவம் 5 கணினி அறிவியல் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். என்ன செய்யப் போறோம்னு முடிவு செய்யாமலேயே கருவியைத் தேடுகிறோம். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

சொற்புதிர் ஒன்றை இயங்கலையில் அமைக்க, அழகாக இருக்கிறதே என்று ஒரு நூலகத்தை எடுத்தேன். 'தமிழ்' என்ற சொல்லுக்கு அது 5 கட்டம் போட்டது! மூன்றெழுத்து என்று ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' எழுத்தை எண்ணுவதில்லை, குறியீட்டை எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, மெய்ப்புள்ளி.

'ஜொகூர்' இன்னும் மோசம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. சரியாக எழுதிய பிள்ளைக்கு 'தவறு' என்று வரும். மதிப்பெண் போனால் யார் பொறுப்பு?

இதற்குத் தீர்வு புது நூலகம் இல்லை. ஒப்பிடும் முன் 'நார்மலைஸ்', எண்ணுவதற்கு 'இன்டல் செக்மென்டர்'. இரண்டும் உலாவியிலேயே இருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் இரண்டாவதை 2024இல்தான் சேர்த்தது. அதனால் பள்ளியின் பழைய கணினியில் சோதித்துப் பாருங்கள். பைத்தான் என்றால் 'ஓப்பன் தமிழ்' நூலகம் இருக்கிறது.

அடுத்தது ஆயுள். ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 31.12.2020இல் நிறுத்தியது. அதில் செய்த பயிற்சிகள் உலாவியில் திறக்காமல் போயின. ஆங்குலர்ஜேஎஸ் ஆதரவு 2021 இறுதியோடும், வியூ 2 ஆதரவு 2023 இறுதியோடும் முடிந்தன. 2006இல் வந்த ஜேகுவெரியோ இன்னும் ஓடுகிறது. புதுசு என்பதால் மட்டும் எதுவும் நிலைக்காது.

ரியேக்ட் மோசம் என்று சொல்ல வரவில்லை. பல திரைகள், அடிக்கடி மாறும் தரவு, சேர்ந்து எழுதும் குழு என்றால் அது கைகொடுக்கும். பத்துக் கேள்விப் புதிருக்கு எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் போதும். பாடத்திட்டத்தில் படிப்பதும் அவைதானே?

மாணவர்களே, திட்ட அறிக்கையில் 'பிரபலமானது' என்று காரணம் எழுதாதீர்கள். தேவை என்ன, தமிழை எப்படிக் கையாள்கிறது, ஆதரவு எதுவரை, பிழை வந்தால் நானே திருத்த முடியுமா என்ற நான்குக்கும் பதில் எழுதுங்கள்.

ஆசிரியர்களே, எந்தக் கருவியானாலும் முதலில் 'தமிழ்', 'ஜொகூர்' இரண்டையும் தட்டச்சு செய்து பாருங்கள். இரண்டுக்கும் 3 என்று வந்தால் மேலே தொடருங்கள்.